முதல் பணியிடம் மலையில்: புது ஆசிரியர் தம் அனுபவமின்மையை மாணவரிடம் சொல்லலாமா?

நீலகிரி மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளில் புது ஆசிரியர் ஒருவர் வந்து சேர்வது அடிக்கடி நிகழ்வது. பொது மாறுதல் கலந்தாய்வில் பணிமூப்பு உள்ளவர்கள் சொந்த ஊருக்கு அருகிலுள்ள இடங்களைத் தேர்ந்துகொண்ட பிறகு, கூடலூர், பந்தலூர், குந்தா, கோத்தகிரி வட்டாரங்களில் எஞ்சி நிற்கும் காலியிடங்கள் பெரும்பாலும் முதல் நியமனம் பெறுவோரின் கைக்கே வருகின்றன. மலைப்படியும் குளிர்காலப்படியும் உண்டு என்றாலும், மழைக்காலத்தில் மண் சரியும் சாலை, யானை நடமாட்டம் உள்ள தேயிலைத் தோட்டப் பாதை, நாளுக்குச் சில நடை மட்டுமே வரும் பேருந்து ஆகியவற்றை எண்ணிப் பலர் தயங்குகிறார்கள். இவ்வாறு வந்து சேரும் இளம் ஆசிரியரின் மனத்தில் முதல் வாரத்திலேயே எழும் கேள்விகளில் ஒன்று, தமக்கு இதுதான் முதல் வேலை என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா, சொல்லக் கூடாதா என்பது.

மூத்த ஆசிரியர்களிடம் கேட்டால் இரண்டு விதமான பதில் கிடைக்கிறது. சொன்னால் வகுப்பு கையை மீறிப் போய்விடும், முதல் மாதம் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. உண்மையைச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் அன்போடு நடந்துகொள்வார்கள் என்பது மற்றொன்று. இரண்டுமே ஆசிரியரை மையமாக வைத்துப் பிறந்த பதில்கள். ஒன்று அவருடைய அதிகாரத்தைக் காக்கப் பார்க்கிறது, மற்றது அவருடைய அச்சத்துக்கு ஆறுதல் தேடுகிறது. சொல்லப்படும் செய்தியைக் கொண்டு அந்தப் பிள்ளை ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டுப் பார்ப்பதே சரியான அளவுகோல் என்பது என் கருத்து. செய்ய முடியுமானால் தாராளமாகச் சொல்ல வேண்டும். ஆசிரியரின் கலக்கத்தைத் தானும் சுமப்பதைத் தவிர அந்தப் பிள்ளைக்கு வேறு வழி இல்லை என்றால், அதைப் பிள்ளையிடம் அல்லாமல் வேறிடத்தில்தான் சொல்ல வேண்டும்.

முதலில், அனுபவம் இல்லாதவர் என்று நாம் யாரைச் சொல்கிறோம்? கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்ததைத் தொடர்ந்து ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயமாயிற்று. தமிழ்நாட்டில் முதல் தகுதித் தேர்வு 2012இல் நடந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் தேர்ச்சி பெற்றவர்களில் பலர் பணி நியமனத்துக்காக நெடுங்காலம் காத்திருந்தார்கள். 2018இல் வந்த அரசாணை 149, தகுதித் தேர்வில் வென்றவர்களும் நியமனத்துக்கெனத் தனியாக ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்றது. இதன் விளைவாக, அரசுப் பள்ளியில் இன்று முதல் நாள் கையெழுத்திடும் ஒருவர், அதற்கு முன் தனியார் பள்ளியிலோ டியூஷன் மையத்திலோ பல ஆண்டுகள் பாடம் நடத்தியவராக இருக்கலாம். அவர் புதியவர் என்றால், இந்த ஊருக்கும் இந்தப் பிள்ளைகளுக்கும்தான் புதியவர். மறுபுறம், பெற்றோரும் ஆசிரியரும் அடங்கிய பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக அமர்த்தப்பட்டவர், பி.எட். முடித்த சில மாதங்களிலேயே பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க நேரலாம். இருவரையும் ஒரே சொல்லால் குறித்துவிட்டு ஒரே அறிவுரையைச் சொல்வது பயன் தராது.

அனுபவம் உண்மையிலேயே கற்பித்தலை மாற்றுகிறதா என்ற கேள்வியையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். மாற்றுகிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலப் பள்ளிகளின் தரவுகளைக் கொண்டு ரிவ்கின், ஹனுஷெக், கெயின் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு, பணியில் சேர்ந்த முதல் ஆண்டில் ஆசிரியரின் கற்பித்தல் பயன் குறைவாக இருப்பதையும், தொடக்க ஆண்டுகளில் அது விரைந்து உயர்வதையும், அதன் பிறகு ஆண்டுகள் கூடுவதால் மட்டும் பெரிய வேறுபாடு வருவதில்லை என்பதையும் காட்டியது. ஆகவே பிள்ளைகள் இழப்பது எதுவும் இல்லை என்று பேசி நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள முடியாது. ஆனால் இந்த இழப்பைக் குறைக்கும் பொறுப்பு பெரியவர்களுடையது. எனக்கு அனுபவம் இல்லை என்ற அறிவிப்பினால் அது குறைவதில்லை.

புது ஆசிரியர்களின் கவலைகளை ஆராய்வதில் முன்னோடியான பிரான்சஸ் புல்லர் 1969இல் எழுதிய கட்டுரையை இன்றும் ஆசிரியர் கல்வியில் எடுத்துக்காட்டுகிறார்கள். புதிதாகக் கற்பிக்கத் தொடங்குபவரின் கவலைகள் முதலில் தம்மைப் பற்றியே இருக்கின்றன. என்னைப் பிடித்திருக்கிறதா, வகுப்பை அடக்க முடியுமா, மேற்பார்வையிட வருபவர் என்ன நினைப்பார் என்பன போன்றவை அவை. காலம் செல்லச் செல்லக் கவலை பாடத்தின் பக்கமும், பிறகு பிள்ளையின் கற்றல் பக்கமும் திரும்புகிறது. 1984இல் சைமன் வீன்மன் 83 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, புது ஆசிரியர்கள் தங்களுடைய பெரிய இடர்ப்பாடாகச் சொன்னது வகுப்பு ஒழுங்கைத்தான். இவற்றை வைத்துப் பார்த்தால், முதல் நாள் கரும்பலகை முன் நின்று, எனக்கு அனுபவம் கிடையாது, தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது, அந்த முதற்கட்டக் கவலையைப் பிள்ளைகளின் மடியில் இறக்கி வைப்பதாகவே முடிகிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளை அதைக் கேட்டு என்ன செய்யும்? இரக்கப்படலாம், அல்லது எவ்வளவு தூரம் போனால் இந்தச் சார் கோபப்படுவார் என்று சோதித்துப் பார்க்கலாம். பாடத்துக்கு அந்த இரண்டாலும் நன்மை இல்லை.

எதிர்பார்ப்புக்கு இருக்கும் வலிமையும் கருத வேண்டியது. 1979இல் பெல்டுமன், புரொஹாஸ்கா இருவரும் செய்த சோதனையில், தங்களுக்குப் பாடம் நடத்தப்போகிறவர் திறமையானவர் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள் பாடத்தை எளிதாகவும் ஈர்ப்பாகவும் உணர்ந்தார்கள். திறமை குறைந்தவர் என்று சொல்லப்பட்டவர்களின் நிலை அதற்கு மாறாக இருந்தது. கேட்பவர்களின் முகமும் உடல்மொழியும் நம்பிக்கையற்று இருந்தபோது கற்பிப்பவரின் செயல்பாடும் தாழ்ந்தது என்பது அதே ஆய்வின் இன்னொரு பகுதி. எனவே, நான் கற்றுக்குட்டி என்ற அறிவிப்பு வெறும் தகவலாக நின்றுவிடுவதில்லை. வகுப்பின் முகத்தை மாற்றி, அந்த முகத்தின் வழியே ஆசிரியரையும் மாற்றுகிறது. எலியட் ஆரன்சன் 1966இல் காட்டிய முடிவையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். திறமையை நிறுவியவர் ஒரு சிறு பிழை செய்தால் அவர்மேல் விருப்பம் கூடுகிறது. சாதாரணமாகச் செயல்பட்டவர் அதே பிழையைச் செய்தால் அவர்மேல் மதிப்பு குறைகிறது. கல்லூரி மாணவர்களிடம் செய்த சோதனை அது என்பதால் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது என்றாலும், குறையைச் சொல்வதற்கும் ஒரு காலம் உண்டு என்பதை நம் வகுப்பறைகளிலும் காண்கிறோம். மூன்று வாரம் ஒழுங்காகப் பாடம் நடத்தி, நோட்டுகளைத் திருத்தித் தந்த ஆசிரியர் ஒரு கணக்கில் தடுமாறி, இருங்கள், நான் தவறாகப் போட்டுவிட்டேன் என்று அழித்து எழுதினால், பிள்ளைகள் அவரை இன்னும் நெருக்கமாகவே உணர்கிறார்கள்.

அப்படியானால் மறைத்துவிட வேண்டுமா? மலையூரில் அது நடக்கவே நடக்காது. வாடகைக்கு வீடு பார்த்துத் தந்தவர், அதே பேருந்தில் வந்தவர்கள், சத்துணவு அமைப்பாளர், தேயிலை பறிக்கப் போகும் தாய்மார்கள் என ஊரில் ஒருவர் விடாமல் எல்லாருக்கும், புது டீச்சருக்கு இதுதான் முதல் வேலையாம், திருவண்ணாமலைப் பக்கமாம் என்ற செய்தி அவர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் முன்பே போய்ச் சேர்ந்திருக்கும். செய்தி சேராவிட்டாலும் பிள்ளைகள் பார்த்தே அறிந்துவிடுவார்கள். நளினி அம்பாடி, ராபர்ட் ரோசென்தால் இருவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் பாடம் நடத்தும் ஒலியில்லாத அரை நிமிடக் காணொளித் துணுக்குகளை மட்டும் பார்த்த முன்பின் அறியாதவர்கள் இட்ட மதிப்பீடு, ஒரு பருவம் முழுதும் அவரிடம் படித்த மாணவர்கள் இட்ட மதிப்பீட்டோடு பெரிதும் ஒத்துப்போனது. கை எங்கே இருக்கிறது, கண் எங்கே போகிறது, எத்தனை முறை சாக்பீஸைத் தேடுகிறார் என்பதிலிருந்தே வகுப்பு தன் முடிவுக்கு வந்துவிடுகிறது. இந்த நிலையில் இல்லாத சர்வீஸைச் சொல்லிக்கொள்வது பெரும் தவறு. பொய் வெளிப்படும் நாளில், அதுவரை அவர் சொன்ன பாடத்தின் மீதும் ஐயம் விழும்.

ஆகவே, பிள்ளைகள் கேட்டால் மறைக்காமல் பதில் சொல்ல வேண்டும். கேட்காதபோது அதையே முன்னுரையாக்க வேண்டியதில்லை. மிஸ், நீங்க இதுக்கு முன்னாடி எந்த ஸ்கூல்ல இருந்தீங்க என்று ஒரு பிள்ளை கேட்டால், வேலையில் சேர்ந்து எனக்கு இதுதான் முதல் பள்ளி, அறிவியல் எனக்கு மிகவும் பிடித்த பாடம், நேற்று விட்ட இடத்திலிருந்து தொடங்கலாமா என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போவதே போதும். குரலில் மன்னிப்புத் தொனி இருக்கக் கூடாது. அந்தத் தொனிதான் வகுப்பைக் குழப்புகிறது, செய்தி அல்ல.

இதுவரை சொன்னது பணி அனுபவத்தைப் பற்றியது. மலைக்கு வரும் ஆசிரியரிடம் இன்னொரு அறியாமையும் உண்டு. அது இடத்தைப் பற்றியது. அதைச் சொல்லத் தயங்கவே கூடாது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன், ஏனென்றால் அங்கே பிள்ளைகளால் செய்ய முடிந்தது நிறைய இருக்கிறது. நீலகிரியின் ஒரே வகுப்பில் வீட்டில் படுகர்களின் மொழியான படுகு பேசும் பிள்ளையும், பணியர் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளையும், மலையாளம் பேசும் வீட்டுப் பிள்ளையும், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்த தாயகம் திரும்பியோரின் பேரப்பிள்ளையும் அருகருகே உட்கார்ந்திருப்பார்கள். தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு தொல்குடிகள் வாழும் மாவட்டம் இது. அவரவர்க்குத் தனித்தனிப் பேச்சு இருக்கிறது. பாடநூல் தமிழ் இவர்களில் பலருக்கு இரண்டாவது மொழி. இங்கே புதிதாக வந்தவர், உங்கள் வீட்டில் இதற்கு என்ன சொல்வீர்கள், எனக்குத் தெரியாது, சொல்லித் தாருங்கள் என்று கேட்பது வெறும் பணிவன்று. அதுவே கற்பித்தலின் ஒரு பகுதி. அதுவரை வாய் திறக்காமல் கடைசி வரிசையில் இருந்த பணியர் குழந்தை அன்றைக்கு முதல்முறையாக வகுப்புக்கு ஏதோ ஒன்றைத் தந்தவளாகிறாள். எனக்குத் தெரியாது என்று சொல்ல ஆசிரியர் கூச்சப்பட்டால் அந்த வாய்ப்பே பிறக்காது.

தமிழ்ப் பாடத்தில் ஐந்திணை வரும்போது இது இன்னும் தெளிவாகிறது. குறிஞ்சியின் கருப்பொருள்களை மனப்பாடமாகச் சொல்லித் தேர்வில் வென்று வந்த ஆசிரியர், குறிஞ்சி நிலத்திலேயே நின்றுகொண்டு அதை நடத்துகிறார். தேனெடுத்தல் குறிஞ்சிக்குரிய தொழில் என்று அவர் கரும்பலகையில் எழுதும்போது, பாறைமுகட்டில் கொடிக்கயிற்றில் இறங்கித் தேனெடுக்கும் குறும்பர் வீட்டுப் பிள்ளை எதிரே இருக்கக் கூடும். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை, 2006இலும் 2018இலும் பூத்தது என்பதை ஆசிரியர் நூலில் படித்திருப்பார். எந்தச் சரிவு நீலமாயிற்று என்பதைப் பிள்ளையின் பாட்டி பார்த்திருப்பார். நான் இதை ஏட்டில்தான் படித்தேன், நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள் என்ற ஒரு வாக்கியம் அந்தப் பாடவேளையின் நிறத்தையே மாற்றிவிடும். அங்கே ஆசிரியரின் மதிப்பு குறைவதில்லை, ஏனென்றால் பிள்ளைகள் சொன்னதைத் திணைக் கோட்பாட்டோடு இணைத்துக் காட்ட அவரால்தான் முடியும்.

அறிவியலிலும் இப்படி ஒரு தருணம் மலைப்பள்ளிக்கென்றே காத்திருக்கிறது. நீரின் கொதிநிலை 100 டிகிரி செல்சியஸ் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, உதகையின் பள்ளி ஆய்வகத்தில் நீரைக் கொதிக்க வைத்து வெப்பமானியைப் பார்த்தால், அது 92, 93 அளவிலேயே நின்றுவிடும். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் தாழும். சமவெளியில் படித்துச் சமவெளியில் பயிற்சி எடுத்த ஆசிரியர் இதை நூலில் அறிந்திருந்தாலும் அந்த நிமிடத்தில் நினைவுக்கு வராமல் போகலாம். வெப்பமானி பழுது என்று சமாளிப்பது ஒரு வழி. நான் எதிர்பார்த்தது 100, வந்திருப்பது 92, ஏன் என்று எனக்கு இப்போது தோன்றவில்லை, நாளைக்கு நானும் பார்த்து வருகிறேன், நீங்களும் யோசித்து வாருங்கள் என்பது இன்னொரு வழி. இரண்டாவதைச் சொன்னால் மறுநாள் யாராவது ஒரு பிள்ளை, எங்க வீட்ல குக்கர் இல்லாம அரிசி வேகவே ரொம்ப நேரம் ஆகும் மிஸ் என்று சொல்லும். பாடம் தானாகத் திறந்துகொள்ளும். ஆனால் நாளைக்கு என்று சொன்னால் நாளைக்கே பதிலோடு வர வேண்டும். தெரியாது என்று சொல்லிவிட்டு அதை மறந்துவிடும் ஆசிரியரைப் பிள்ளைகள் எளிதில் மன்னிப்பதில்லை, அது நியாயமும்கூட.

பவணந்தி முனிவர் நன்னூலில் கற்பிக்கும் முறையைச் சொல்லுமிடத்தில், சொல்லப்போகும் பொருளை உள்ளத்தில் அமைத்துக்கொண்டு, விரையாமல், வெகுளாமல், முகமலர்ச்சியோடு, கொள்பவன் எவ்வாறு கொள்வான் என்பதை அறிந்து கொடுக்க வேண்டும் என்கிறார். எத்தனை ஆண்டு கற்பித்தவர் என்ற கணக்கு அங்கே இல்லை. விரைவும் வெகுளியும்தான் முதல் ஆண்டில் நம்மை அதிகம் ஆட்டிப்படைப்பவை என்பதை வகுப்பறையில் நின்ற எவரும் ஒப்புக்கொள்வார்கள். இரண்டுக்கும் மருந்து முன்தயாரிப்பு. பாடக்குறிப்பை வெறும் சடங்காக எழுதாமல், எந்தக் கேள்விக்கு எந்தப் பிள்ளை எப்படி விழிக்கும் என்று எண்ணி எழுதுவது.

வயதைப் பொறுத்து இந்த அளவுகோல் சிறிது மாறும். தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் படிக்கும் ஆறு வயதுக் குழந்தைக்குப் பணி அனுபவம் என்பதே விளங்காது. டீச்சர் நாளைக்கும் வருவார்களா என்பதுதான் அதன் கவலை. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் கவலை வேறு. போர்ஷன் நேரத்துக்கு முடியுமா, பொதுத்தேர்வு வினாத்தாளை இவர் அறிவாரா என்று அவர்கள் கேட்பதற்கு உரிமை உண்டு. அவர்களிடம் எத்தனை ஆண்டு அனுபவம் என்பதைவிட, எந்த மாதத்துக்குள் எந்தப் பாடம் முடியும், திருப்புதல் தேர்வு எப்போது, ஐயம் கேட்க எந்த நேரம் வரலாம் என்ற திட்டத்தை எழுத்தில் ஒட்டி வைப்பதே சரியான பதில்.

பயிற்சி ஆசிரியரின் நிலை தனி. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளின்படி பி.எட். இரண்டு ஆண்டாயிற்று; அதில் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். தங்கள் முன் நிற்பவர் இன்னும் பயிற்சியில் இருக்கிறார், வகுப்பாசிரியர் உடன் இருப்பார் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்தே ஆக வேண்டும், ஏனெனில் ஐயம் எழுந்தால் அவர்கள் போய் நிற்க இன்னொரு இடம் இருக்கிறது. இதைச் சொல்ல வேண்டியவர் தலைமை ஆசிரியர். இவர் நம் பள்ளியில் இத்தனை வாரம் பாடம் நடத்துவார், நீங்கள் கேட்கும் கேள்வி அவருக்கும் பயன்படும் என்று அவர் அறிமுகப்படுத்திவிட்டால், அந்த இளைஞர் நடிக்க வேண்டிய தேவை அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

முழுமையாக, ஒளிவுமறைவின்றி அனுபவமின்மையைச் சொல்ல வேண்டிய இடம் பெரியவர்களின் இடம்தான். தலைமை ஆசிரியர், பக்கத்து வகுப்பில் பல ஆண்டாக இருப்பவர், வட்டார அளவில் ஆசிரியர்களுக்குத் துணைநிற்கும் வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர், அருகிலுள்ள பள்ளிகள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் சந்திக்கும் பிற பள்ளியினர் ஆகியோரிடம், பின்னம் நடத்தும்போது வகுப்பு பாதியில் கைவிட்டுப் போகிறது, வந்து ஒரு பாடவேளை உட்கார்ந்து பாருங்கள் என்று கேட்பதில் எந்த இழுக்கும் இல்லை. மலையில் இது சமவெளியைவிடக் கடினம். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் விடுப்பிலோ கூட்டத்திலோ இருந்தால், மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு தனியாக நிற்கிறார்; யாரிடம் போய்க் கேட்பார்? வாரம் ஒருமுறையாவது அருகிலுள்ள நடுநிலைப் பள்ளியின் மூத்த ஆசிரியரோடு தொலைபேசியில் பேசும் ஏற்பாட்டைத் தலைமை ஆசிரியரே செய்து தரலாம். செலவு எதுவும் இல்லாத ஏற்பாடு அது.

2022இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை அமர்த்த அரசு இசைந்தபோது, மாதத் தொகுப்பூதியம் இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 என்று வைக்கப்பட்டது. இப்படிக் குறைந்த தொகுப்பூதியத்துக்கு மலையில் வாடகையும் கொடுத்துத் தங்கிப் பாடம் நடத்த முன்வருபவர் பெரும்பாலும் படித்து முடித்த கையோடு வருபவராகவே இருப்பார். இவரையா எங்கள் பிள்ளைகளுக்குப் போட்டிருக்கிறீர்கள் என்று தோட்டத் தொழிலாளியான தாய் ஒருவர் குழுக் கூட்டத்தில் எழுந்து கேட்டால், அந்தக் கேள்விக்கு அந்த இளம் ஆசிரியரைப் பதில் சொல்ல விடுவது முறையாகாது. காலியிடம் எத்தனை மாதமாக இருக்கிறது, நிரந்தர ஆசிரியரைக் கேட்டு எப்போது எழுதினோம், அதுவரை இவருக்கு யார் துணை நிற்கிறார், பத்தாம் வகுப்பைப் பழகியவர் எடுத்துக்கொண்டு இவருக்கு எட்டாம் வகுப்பைத் தர முடியுமா என்பவற்றைத் தலைமை ஆசிரியரும் குழுத் தலைவரும் பெற்றோர் முன் விளக்க வேண்டும்.